செரமைட் குளிசை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்குக் கொடுப்புக்குள்ள புற்றுநோய் எண்டு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டினம். அடுத்த மாதம் ஒப்பரேஷன். இதுக்கிடையில பெரியம்மாவின்ர மகன் வெளிநாட்டிலயிருந்து செரமைட் குளிசை ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறார். புற்றுநோய்க் கலங்களைத் தானாகச் சாகவைக்கிற கொழுப்பாம். முதல் இதைக் குடுத்துப் பாப்பம், ஒப்பரேஷனைப் பிறகு பாக்கலாம் எண்டு அப்பா நிக்கிறார். ரெண்டு பேரும் வெத்திலை போடுறவை. நீங்கள் உயிர்இரசாயனம் படிப்பிக்கிறனீங்கள். குடுக்கலாமோ?

வாசகி, சாவகச்சேரி

அன்புள்ள தங்கச்சி,

ஒப்பரேஷனைத் தள்ளிப்போட விடாதீர்கள். மற்றக் கதையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போத்தலில் இருப்பது முழுப் பொய் அல்ல. அதனால்தான் எனக்குப் பயமாயிருக்கிறது. 1993இல் ஒபெய்ட், ஹன்னூன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் செரமைட்டைச் சேர்த்ததும் வெண்குருதிப் புற்றுக் கலங்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டதைக் காட்டினார்கள். ஆனால் அவை ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்கள். அவர்கள் சேர்த்ததும் கலத்துக்குள் புகுவதற்கென்றே அதன் கொழுப்பமில வாலைக் குறுக்கிச் செய்த செரமைட்.

செரமைட் கலத்துக்குள் அப்படியே கிடப்பதில்லை. ஒரு நொதியம் அந்த வாலை வெட்டினால் அது ஸ்பிங்கோசின் ஆகிவிடும். அதில் இன்னொரு நொதியம் பொஸ்பேற்றை ஏற்றினால் ஸ்பிங்கோசின்-1-பொஸ்பேற். செரமைட் கலத்தைப் பெருகாமல் மறித்துச் சாகச் சொல்லும். ஸ்பிங்கோசின்-1-பொஸ்பேற்றோ பெருகு, நகரு, புது இரத்தக்குழாய் வளர் என்று ஏவும். நடுவில் இரண்டே இரண்டு படிதான். பல கட்டிகளில் அந்தப் பொஸ்பேற் ஏற்றும் நொதியம் மிஞ்சிக் கிடக்கிறது. வேறு சில கலங்கள் செரமைட்டில் ஒரு குளுக்கோசை ஒட்டி அதன் வாயை அடைத்துவிடும். கீமோவுக்கு மசியாத கலங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

அம்மாவின் நோய்க்குக் கிட்டவான சங்கதி ஒன்றும் உண்டு. தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகள் பெரும்பாலானவற்றில் 18 காபன் அணு நீள வாலுள்ள செரமைட் குறைந்திருப்பதை 2004இல் கண்டார்கள். 16 காபன் வாலுள்ளதோ அதே புற்றுக் கலங்கள் பிழைத்திருக்க உதவுகிறதாம். போத்தலில் எந்த வால் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள்.

எழுதியிருந்தாலும் விழுங்கி என்ன பயன்? பாலிலும் முட்டையிலும் சோயாவிலும் இந்தக் கொழுப்பு வகை இருக்கிறது. குடல் அதை உடைத்துப் பெரும்பகுதியைச் சாதாரணக் கொழுப்பமிலமாக்கிவிடும். கொடுப்பிலுள்ள கட்டிக்குச் செரமைட்டாக அது போய்ச் சேராது.

இந்த ஆய்வுகளில் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு. ஸ்பிங்கோசினைப் போன்ற அமைப்புள்ள பிங்கோலிமொட் என்ற மருந்து 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது நரம்பைத் தாக்கும் மல்ரிபிள் ஸ்கிளிரோசிசுக்கான மருந்து, புற்றுக்கு அல்ல. அம்மாவின் கட்டி அடுத்த ஆய்வு வரும்வரை பொறுத்திருக்காது.

போத்தலை ஒளிக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றை உண்டாக்கும். அவருடைய வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் ஏதும் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்ப்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணா