கில்லன்-பாரே வந்த அப்பா எப்போது நடப்பார்? பிள்ளைகள் நாங்கள் என்ன செய்யலாம்?

அப்பாவை ஐ.சி.யுவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், கை கால் இன்னும் எழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவுக்கும் இதே நோய்தான். வயிற்றோட்டம் வந்து சுகமான பிறகு கால் விறைத்தது, அப்புறம் மூச்சு வரைக்கும் போனது. இப்போது வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார், நடக்கிறார்.

இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிறது. தாக்குவது மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியே உள்ள நரம்புகளை. அதனால் அப்பாவின் புத்தியும் காதும் அப்படியே இருக்கின்றன. பார்க்க வருகிற சொந்தக்காரர் கட்டிலைச் சுற்றி நின்று "ஐயோ, எப்படி இருந்த மனுசன்" என்று கதைப்பது அவருக்கு ஒன்றுவிடாமல் கேட்கும். அந்தக் கதையை வாசலோடு நிறுத்துங்கள். பக்கம் திருப்புவதா, யாரை உள்ளே விடுவதா, எதையும் அவரிடம் கேட்டே செய்யுங்கள்.

தொண்டையில் குழாய் இருந்தபோது என் அப்பாவால் பேச முடியவில்லை. தங்கச்சி ஒரு மட்டையில் "வலிக்கிறது", "சளி எடுக்க வேண்டும்", "பக்கம் திருப்புங்கள்" என்று தமிழில் எழுதி, பக்கத்திலேயே சிங்களத்திலும் எழுதினாள், தாதிமாருக்கும் விளங்க வேண்டுமே. ஒவ்வொரு வரியாக விரலை வைப்போம், சரியான வரியில் கண்ணை மூடித் திறப்பார். பிறகு எழுத்து எழுத்தாகக் காட்டி அவரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "கடைக் கணக்கு". புறக்கோட்டையில் அவருக்குச் சின்னக் கடை. அன்றிலிருந்து கொப்பியைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினோம். யாருக்கு முதலில் காசு கொடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்தார். எத்தனையோ ஆறுதல் சொன்னோம், அந்தக் கொப்பி செய்ததை எதுவும் செய்யவில்லை.

எப்போது நடப்பார் என்றால், பெரும்பாலானோர் ஆறு மாதத்துக்குள் துணையில்லாமல் நடக்கிறார்கள். சிலருக்கு ஒன்று, இரண்டு வருடம் ஆகும். நரம்பின் மேலுறை மட்டும் பழுதானால் கெதியில் ஆறும். உள்ளிழையே சேதமானால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பாதமும் விரலும் கடைசியாக வருவது அதனால்தான்.

பயிற்சி கட்டாயம் வேண்டும், ஆனால் களைத்து விழும்வரை வேண்டாம். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உசுப்பினால் அடுத்த நாள் எழும்பவே மாட்டார். பாதம் தொங்கிப் போகாமல் நேராக வைக்கும் பட்டி பற்றி பிசியோதெரபிக்காரரிடம் இப்போதே கேளுங்கள். இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கலாம், ஆகவே மெதுவாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். இரவில் போர்வை பட்டாலே கால் எரிகிறது என்பார். அது நரம்பு வலி, சாதாரண வலிக் குளிசைக்கு அடங்காது, அதற்கென்று மருந்து இருக்கிறது. டொக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கூட்டிவர முன், ராகமவில் உள்ள அரச புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்று வார்டில் கேளுங்கள். லிஃப்ட் இல்லாத மாடி வீடென்றால் கட்டாயம் கேளுங்கள். அவரால் இப்போது பேச முடிகிறதா என்று எழுதுங்கள், முடியாவிட்டால் எங்கள் மட்டையில் இருந்த வரிகளை முழுதாக இங்கே போடுகிறேன்.