கேள்வி – பதில்: கருஞ்சாம்பல் நிலமும் ஓர் அயர்லாந்து ஓவியரும்

கேள்வி: அயர்லாந்து ஓவியர் டோனி ஓமாலி, ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவை வைத்து வரைந்த படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். மலை, வீடு, கடல் எதுவும் அவற்றில் தெளிவாகத் தெரியவில்லை. இவற்றை நிலக்காட்சி என்று எப்படி ஏற்பது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அந்தத் தீவின் நிலம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கேனரி தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த லான்சரோட்டேயில் 1730 முதல் 1736 வரை எரிமலைகள் அடுத்தடுத்து வெடித்ததில், தீவின் ஏறத்தாழ கால் பகுதி எரிகுழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் போயிற்று. மழை மிகவும் குறைவான அந்த மண்ணில், லா ஹெரியா பகுதி உழவர்கள் கருஞ்சாம்பலில் ஆழமான குழிகளைத் தோண்டி, அவற்றினுள் திராட்சைக் கொடியை நட்டு, காற்று வீசும் பக்கத்தில் பிறை வடிவில் கற்சுவரை அடுக்கினார்கள். சாம்பல் இரவின் ஈரத்தை வாங்கி, பகல் வெயிலில் அது ஆவியாகிவிடாமல் வேருக்குக் காத்துத் தருகிறது. மேட்டில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கறுப்புத் தரையில் வரிசை வரிசையாகக் குழிகளும் பிறைகளும், அவற்றினுள் பச்சைப் புள்ளிகளும்தான். அங்கு நிலமே பாதி அரூபமாக, அதாவது உருவம் தெளியாத வெறும் கோடும் வடிவமுமாக, இருக்கிறது என்பது என் கருத்து.

இத்தகைய நிலத்துக்கு ஓமாலியின் கை முன்பே பழகியிருந்தது. வண்ணம் பூசிய பலகையைக் கூரிய கருவியால் கீறிக் கோடிழுப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். பல ஆண்டுகள் தொடர்ந்து புனித வெள்ளியன்று அவர் வரைந்துவந்த படங்களில் இந்தக் கீறல்களை நன்றாகக் காணலாம். அவர் பிறந்த கில்கென்னி வட்டாரத்தின் இடைக்காலக் கல்லறைச் சிற்பங்கள் அவர் மனத்தில் பதிந்திருந்ததன் விளைவு அது. அரூபத்தை அரூபத்துக்காகவே நாடுவதில் அவருக்கு நாட்டமில்லை. தோற்றத்துக்கு அடியில் இருப்பதை எட்டுவதற்கான வழியாகவே அதைக் கொண்டார். எனவே அவர் படத்தில் மலையைத் தேடுவதை விட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வெயில் எங்கே விழுகிறது, தரை எப்படி மடிகிறது என்று பார்த்தீர்களானால், அது குறிப்பிட்ட ஓர் இடத்தின் படம் என்பது புலப்படும்.

கேள்வி: ஓமாலி ஓவியப் பள்ளியில் பயின்றவரா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. 1913-இல் கில்கென்னி வட்டாரத்தின் கேலன் என்ற சிற்றூரில் பிறந்து, வங்கி எழுத்தராக ஊர் ஊராக மாற்றலாகிப் பணியாற்றியவர். காசநோயால் படுத்திருந்த காலத்தில்தான் ஓவியம் அவரிடம் வேரூன்றியது. 1958-இல் வங்கியை விட்டு, 1960-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில் குடியேறி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்.

கேள்வி: அவருடைய பஹாமாஸ் படங்களையே பலரும் புகழ்கிறார்கள். லான்சரோட்டே படங்கள் அவற்றுக்குக் குறைந்தவையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நான் அப்படி நினைக்கவில்லை. கனடாவில் பிறந்த ஓவியர் ஜேன் ஹாரிஸை 1973-இல் மணந்தபின், மனைவியின் உறவினர்கள் வாழ்ந்த பஹாமாஸுக்கு அவர் பலமுறை சென்றார். அதுவரை பழுப்பிலும் சாம்பல் நிறத்திலும் அடங்கியிருந்த அவருடைய வண்ணங்கள் அங்கே கட்டவிழ்ந்தன. அந்த மாற்றம் பெரியது, புகழும் நியாயமானதே. ஆனால் வண்ணம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் ஓவியன் எதை விடுவது என்று தெரியாமல் திணறும் அபாயமும் உண்டு. முதுமையில் அவர் சென்ற லான்சரோட்டேயோ தானே பலவற்றை விட்டுவிட்ட நிலம். பஹாமாஸில் பழகிய வெளிச்சமும் பழைய கீறல்கோட்டின் கண்டிப்பும் அங்கே ஒன்றுகூடின. (தந்தை, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கிளேர் தீவைச் சேர்ந்தவர் என்பதால், தீவுகள்மீது இவருக்கிருந்த பற்று இரத்தத்தில் வந்தது என்று சொல்வோரும் உண்டு. அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.)

லான்சரோட்டேயிலேயே பிறந்த ஓவியர் சேசர் மன்ரிக்கேயின் படங்களையும் உடன் வைத்துப் பாருங்கள். அவர் எரிமலைப் பாறையின் சொரசொரப்பையே கனமான வண்ணப்பூச்சாக ஓவியத்துணியில் ஏற்றியவர். ஓமாலியோ, பூசியதைச் சுரண்டி எடுத்தவர். அச்சுப் பிரதியிலும் கைப்பேசித் திரையிலும் இந்த வேறுபாடு மழுங்கிவிடும். அயர்லாந்து செல்லும் வாய்ப்புள்ளவர்கள் கில்கென்னி நகரின் பட்லர் காட்சிக்கூடத்தில் ஓமாலியின் மூலப் படங்களைக் காணலாம்.