டூர் வீடியோவுக்கு எந்த மெமரி கார்டு?

கேள்வி: குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். கேமரா சோனி இசட்வி-இ10. 4கே-யில் எடுக்க ஆசை. கடைக்காரர் ‘நொடிக்கு 200 எம்பி’ என்று அச்சடித்த கார்டைக் காட்டுகிறார்; நண்பரோ எவ்வளவு விலையானாலும் வி90 வாங்கு என்கிறார். எதை வாங்குவது? (வாசகர், கோவை)

பதில்: அந்த 200, கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு இழுக்கும் வேகம். அதுவும் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் ரீடரில் போட்டால்தான் கிடைக்கும். வீடியோ எடுப்பவருக்கு எழுதும் வேகம்தான் முக்கியம். அதிலும் உச்ச வேகம் எவ்வளவு என்று பார்த்துப் பயனில்லை. எவ்வளவு குறைந்தாலும் இதற்குக் கீழே இறங்காது என்ற உறுதி வேண்டும். அதைச் சொல்வது ‘வி’ எழுத்தை ஒட்டிச் சின்னதாக இருக்கும் எண். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட், வி60 என்றால் 60, வி90 என்றால் 90.

இப்போது உங்கள் கேமராவுக்கு வருவோம். 4கே-யில் அது எழுதுவது அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100-ஐ 8-ஆல் வகுங்கள், 12.5 மெகாபைட். வி30 கார்டே இதில் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். எஸ்டி கார்டில் வி90 வேகம் கிடைக்க, பின்புறம் இரண்டாவது வரிசையாக உள்ள உலோகத் தகடுகளும் வேலை செய்ய வேண்டும். உங்கள் கேமரா ஸ்லாட் முதல் வரிசையை மட்டுமே தொடும். நண்பர் சொல்வதைக் கேட்டால் பணம் போகும், படம் மாறாது. நொடிக்கு 400 மெகாபிட்டில் எடுக்கும் கேமரா வைத்திருப்பவர்களுக்குத்தான் வி60 தேவை; அங்கே கணக்கு 50 மெகாபைட்டுக்குப் போய்விடும். ஏ1, ஏ2 என்ற குறிகள் போனில் ஆப் ஓட்டுவதற்கு. வீடியோவுக்கு அவற்றைப் பார்க்கவே வேண்டாம்.

128 ஜிபி கார்டில் இந்த வேகத்தில் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் பிடிக்கும். (கம்ப்யூட்டரில் 119 ஜிபி என்று காட்டும். கம்ப்யூட்டர் எண்ணும் முறை வேறு, கார்டில் குறையில்லை.) ஒரே 256 ஜிபியாக வாங்காமல் 128-ஆக இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் தொலைந்தாலும் பாதிப் பயணமாவது மிஞ்சும். நிறைந்த கார்டின் இடது ஓரத்திலுள்ள லாக் பட்டனைக் கீழே தள்ளிவிட்டு டப்பாவில் போடுங்கள். அவசரத்தில் அதன் மேலேயே எடுத்துவிட முடியாது. தினமும் இரவு லேப்டாப்பிலோ டைப்-சி ரீடர் வழியாகப் போனிலோ ஒரு காப்பி எடுத்தாக வேண்டும். எந்தக் கார்டு வாங்குவது என்பதைவிட இதுதான் முக்கியம்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்த 256 ஜிபி கார்டு. முதலில் எடுத்தவை ஓடுகின்றன, பிறகு எடுத்தவை பெயர் மட்டும் தெரிகிறது, திறக்கவில்லை. (வாசகர், சேலம்)

பதில்: போலி கார்டின் அடையாளமே இதுதான். உள்ளே இருக்கும் சிப் 16 அல்லது 32 ஜிபியாக இருக்கும். 256 என்று பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவது பழையதன் மேலேயே ஏறும், அல்லது எங்கும் பதியாமல் போகும். கேமரா எச்சரிக்காது, அதுதான் கொடுமை.

கார்டைச் சோதிக்க மென்பொருள் இருக்கிறது: விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw); மேக், லினக்ஸில் எஃப்3 (F3). இரண்டும் இலவசம். காலிக் கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். எந்தக் கார்டு வாங்கினாலும், பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல கம்பெனி வி30 கார்டுதான். இருந்தும் 4கே எடுக்கும்போது திடீரென்று ரெக்கார்டிங் நின்றுவிடுகிறது. (வாசகர், மதுரை)

பதில்: இடம் போதவில்லை என்று வேண்டாத கிளிப்புகளை அவ்வப்போது அழிக்கிறீர்களா? பெரும்பாலும் அங்கேதான் சிக்கல். அழித்த இடங்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். கார்டு சிறுகச் சிறுக எழுதாது, பெரிய பெரிய தொகுதிகளாகவே எழுதும்; பாதி நிரம்பிய தொகுதி வந்தால் உள்ளே இருப்பதை வேறிடம் நகர்த்திவிட்டுத்தான் புதியதை வைக்கும். அந்த நேரத்தில் வேகம் சரியும், கேமராவின் தற்காலிக நினைவகம் வழியும், ரெக்கார்டிங் நிற்கும். காப்பி எடுத்த பிறகு முழுக் கார்டையும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகிப் பயன்படுத்தினால் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். அதன் தகடுகள் தளர்ந்தாலும் இதே கோளாறு வரும்.

கேள்வி: எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி கழன்றுவிட்டது. அந்த வீடியோ திறக்கவில்லை. மீட்க முடியுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வாய்ப்பு உண்டு. பல கேமராக்களில் எம்பி4 கோப்பின் அட்டவணை, ஸ்டாப் அழுத்திய பிறகே எழுதப்படும். படம் கார்டில் இருக்கும், எது எங்கே என்ற குறிப்பு மட்டும் இருக்காது. கார்டில் இனி எதையும் எழுதாதீர்கள், ஃபார்மேட்டும் வேண்டாம். முதலில் கோப்பைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள், நல்ல கிளிப் ஒன்றைப் பார்த்து உடைந்ததன் அட்டவணையைத் திரும்பக் கட்டும். அந்த நல்ல கிளிப் அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே ஃப்ரேம் வேகத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.