ஏர்வெல்லுக்குக் கூரை போடாதீர்கள்

கட்டடம் வரைபவன் என்று எனக்கு இந்த முறை வந்த கேள்விக் கடிதங்களில் பாதி, மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குள் நெருக்கமாக எழும் அடுக்குமாடிகளைப் பற்றியவை. வரைபடம் அனுப்பியவர்களில் மூன்று பேர் வடக்கு எது என்று குறிக்கவில்லை. போன மாதமும் சொன்னேன். வடக்கு தெரியாமல் ஒரு சன்னலைப் பற்றிக்கூட என்னால் பேச முடியாது.

கடைவீதிக்குப் பின்னால் எங்கள் நிலம், மேற்குப் பார்த்தது. நான்கு மாடி கட்டுகிறோம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கலாமா, ஐயா?

வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் இருக்கிறோம். வடக்கிலும் தெற்கிலும் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய உச்சியிலிருந்து இறங்கும். மூன்றடி சன்ஷேடு போதும். மேற்கு வெயில் சாய்ந்து நேராக உள்ளே வரும், சன்ஷேடுக்கு அடங்காது. மாடிப்படி, கழிவறை, துணி காயப்போடும் இடம் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் இப்போது இருக்கும் வீட்டின் மேற்குச் சுவரில் மாலை ஏழு மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

கூரை 200 சதுர மீட்டர், வீடுகள் 16. மழைநீரை வைத்து எல்லாக் கழிவறைக்கும் சமாளிக்க முடியுமா?

பாதி சமாளிக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆண்டு மழையை 2,000 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் நான்கு லட்சம் லிட்டர். உங்கள் கழிவறைகளுக்கு நாளொன்றுக்கு 2,000 லிட்டர், ஆண்டுக்கு ஏழு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகும். நம் ஊரில் மழை அடிக்கடி வருவதால் 10,000 லிட்டர் தொட்டி போதும். மூடியிலும் வழிகுழாயிலும் கண்ணி நெருக்கமான வலை கட்டாயம். வலையில்லாத தொட்டி ஏடிஸ் கொசு வளர்க்கும் தொட்டி.

சோலார் போட்டால் எல்லா வீட்டுக்கும் மின்சாரம் கிடைக்குமா?

கிடைக்காது. பதினாறு வீட்டுக்கும் ஒரே கூரைதான். பொது விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் கணக்குப் போடுங்கள்.

ஏர்வெல் (காற்றும் வெளிச்சமும் வரக் கட்டடத்துக்குள் மேலே திறந்து விடும் இடம்) வழியாகச் சாரல் அடிக்கிறது. மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு, ஏர்கோன் வெளிப்பெட்டிகளையும் அங்கேயே மாட்டிவிடலாம் என்கிறார் கட்டட வேலை எடுத்த குத்தகைக்காரர். சரியா?

சரியில்லை. பத்து வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் நான்கு மாடி வரை ஏர்வெல்லுக்குக் குறைந்தது 9 சதுர மீட்டர், அகலம் 2.5 மீட்டர் என்று கேட்பது அழகுக்காக இல்லை. இருபுறமும் ஒட்டிய கட்டடத்தில் நடு அறைகளுக்கு வேறு வழியே கிடையாது. சூடான காற்று அதன் வழியாக மேலே போனால்தான் தெருப்பக்கச் சன்னல் புதுக்காற்றை இழுக்கும். மூடிவிட்டால் கீழ்வீட்டுத் தாளிப்புப் புகை மேல்வீட்டுப் படுக்கையறைக்குப் போகும். வெளிப்பெட்டிகள் தாங்கள் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்து மின்கட்டணத்தை ஏற்றும்.

நான் வரைந்த ஒரு கட்டடத்துக்கு மூன்று வருடம் கழித்துப் போனேன். ஏர்வெல்லுக்கு மேலே கூரை, கீழே ஆறு பெட்டிகள். மூன்றாம் மாடி அம்மா அலமாரியைத் திறந்து, மடிப்பு மடிப்பாகப் பூஞ்சை பிடித்த கல்யாணப் புடவையைக் காட்டினார். எனக்குப் பேச்சு வரவில்லை. தோட்டத்து லயத்தில் எங்கள் பாட்டி வீட்டில் முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர் இருக்கும். மத்தியானத்திலும் காற்று ஓடும். அந்த வசதியைப் பட்டணத்து வீட்டுக்குத் தருவது ஏர்வெல்தான்.

சாரலுக்கு ஒவ்வொரு சன்னலுக்கும் ஒன்றரை அடி சன்ஷேடும் லூவர் கண்ணாடியும் (சாய்த்துத் திறக்கும் பட்டைக் கண்ணாடி) போடுங்கள். தரையில் சாய்வும் வடிகாலும் வையுங்கள். பெட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றுங்கள்.

பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்க எவ்வளவு ஆகும்?

எத்தனை மாடி, எத்தனை வீடு என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படி? 2009இல் வந்த ஜிபிஐ (மலேசியாவின் பசுமைக் கட்டடக் குறியீடு) தரவரிசையில் 50 மதிப்பெண்ணுக்குச் சான்றிதழ், 86க்கு பிளாட்டினம். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கார் நிறுத்த இடமில்லை. வாசலில் இருக்கும் பழைய மாமரத்தை வெட்டலாமா?

வாசல் எந்தத் திசை? மேற்கு என்றால் தொடவே தொடாதீர்கள். மற்றத் திசை என்றால் வரைபடம் அனுப்புங்கள், வடக்கைக் குறித்து.