போட் வேகத்த ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கூட்டுனா டீசல் டபுள் ஆகுதா? இன்ஜின் மேல தப்பில்ல

7 நாட்ல மணிக்கு 6 லிட்டர் குடிக்குது, 8 நாட்ல 12 லிட்டர், ஏன்னு கேட்டீங்களே, அது இன்ஜின் கோளாறு இல்லங்க, ஹல் ஸ்பீடு, அதாவது போட்டோட நீளம் போடுற வேக வரம்பு. தண்ணில படுற நீளம் 36 அடின்னீங்க, வர்க்கமூலம் 6, அத 1.34ஆல பெருக்குனா 8 நாட், அந்த வேகத்துல போட் தான் கிளப்புன அலை மேலயே ஏறப் பாக்கும், டீசலெல்லாம் அதுக்கே போயிடும்.

7லயே ஜாஸ்தி குடிச்சா ப்ரொப்பெல்லர பாருங்க. மலேசியா லங்காவித் தீவுல சும்மா நிறுத்தி வச்சிருந்த போட்ல நான் முங்கி தடவிப் பாத்தேன், பிளேடு பூரா பார்னக்கிள் (ஒட்டிக்கிட்டு வளர்ற ஓடுள்ள கடல் உயிரி), கைய கிழிச்சிடுச்சு.

டேங்க் ஃபுல் பண்ணிட்டு 6.5 நாட்ல போக ஒரு மணி, வர ஒரு மணி ஓட்டுங்க (ஒரு பக்கம் மட்டும் ஓட்டுனா நீரோட்டம் கணக்க கெடுத்துடும்), திரும்ப ஃபுல் பண்ணி லிட்டர கடல் மைலால வகுங்க.

ஆனா மிச்சம் பிடிக்க எப்பவும் ஐடில்லயே ஓட்டாதீங்க, கார்பன் படியும், கடைசி கால் மணி நேரம் நல்லா லோடு குடுங்க.