காரீயக் குதிரைப்படை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரியில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஐந்து குதிரைவீரர் பொம்மைகள். உலோகம்தான், ஆனால் எடை அதிகம் இல்லை. தாத்தா தேயிலை எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன சாமான்களோடு இதுவும் வந்திருக்கும் என்கிறார் அப்பா. வீரர்களுக்குத் தலைப்பாகை, கருத்த முகம், நீலம் கலந்த சாம்பல் நிறச் சட்டை. ஒருவனுக்குத் தலை இல்லை, கழுத்தில் ஒரு தீக்குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு குதிரைக்குக் கால் போய்விட்டது. மற்ற கால்களில் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது.

என் மைத்துனர் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துத் தருகிறேன் என்கிறார். ஒன்பது வயது மகன் விளையாடக் கேட்கிறான். ஈயம் ஆபத்து என்றால், ஈயச்சொம்பில் ரசம் வைத்துத்தானே உன்னை வளர்த்தேன் என்கிறார் அம்மா. மனைவிக்கு வேறு கவலை. சிப்பாய் பொம்மையைக் கொடுத்தால் பிள்ளைக்குப் போர்வெறிதானே வளரும், பெரியவர்கள் இதை ஒரு பொழுதுபோக்காகச் சேகரிப்பது எதற்கு என்று கேட்கிறார். நீங்கள் இவற்றைச் சேர்ப்பவர் என்பதால் எழுதுகிறேன். என்ன செய்யலாம்?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அவசரமான வேலை. மைத்துனரைத் தடுத்து நிறுத்துங்கள். அந்தப் பொம்மைகளைச் சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ கூடாது. அது காரீயம். மேலே இருக்கும் பழைய வண்ணத்திலும் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சுரண்டும்போது கிளம்பும் தூசி மூச்சோடு உள்ளே போய்விடும், அதுதான் மோசம். பையன் கையிலும் கொடுக்க வேண்டாம். அம்மாவின் ரசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒழுங்கான ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. உங்கள் பெட்டியில் இருப்பது வேறு உலோகம். அதற்காகப் பயந்து குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம். பெரியவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சணம் இல்லை. காரீயம் அரித்துக் கார்பனேட்டாக மாறிக்கொண்டிருக்கிறது. மரம், சிலவகை அட்டை, பசை இவற்றிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவிதான் காரணம். ஓக் மர அலமாரிகள் இதில் பேர்போனவை. ஈரக்காற்றும் சேர்ந்தால் வேகம் கூடும், அதிலும் நீலகிரிப் பரண் என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் கழுவாதீர்கள், மாவைத் தட்டவும் வேண்டாம். இரும்பு அல்லது கண்ணாடி அலமாரியில், உலர்ந்த இடத்தில், கொஞ்சம் காற்று புழங்கும்படி வையுங்கள். இருக்கிற சேதம் சரியாகாது, மேற்கொண்டு பரவாமல் இருக்கும்.

சரி, இப்போது பொம்மைக்கு வருவோம். ‘உலோகம்தான், ஆனால் எடை அதிகம் இல்லை’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான்.

19-ஆம் நூற்றாண்டில் பொம்மைச் சிப்பாய் என்றால் பெரும்பாலும் ஜெர்மனிதான். நியூரம்பர்க் பட்டறைகளில் கற்பலகையில் உருவத்தைச் செதுக்கி, அதில் வெள்ளீயக் கலவையை ஊற்றித் தட்டையான சிப்பாய்களை எடுத்தார்கள். 1839-இல் தொடங்கிய ஹைன்ரிக்சன் பட்டறை வைத்த அளவு, உயரம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர், மற்றவர்களுக்கும் வழக்கமாகிவிட்டது. டிரெஸ்டன் நகரத்து ஹைடே நிறுவனம் முழு உருவங்களைச் செய்தது. அவை கையில் எடுத்தால் கனக்கும். உலோகம் அதிகம் என்பதால் விலையும் அதிகம். 1893-இல் லண்டனில் ஒரு பொம்மைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் ஜூனியர் இந்தக் கணக்கை மாற்றினார். சிப்பாயை உள்ளே கூடாக வார்த்தார்.

ஆப்பச்சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றுவது போலத்தான். இரண்டு பாதியாகப் பிரியும் உலோக அச்சை மூடி, காரீயத்தோடு ஆன்டிமணியும் வெள்ளீயமும் கலந்து உருக்கியதை ஊற்றி, ஒரு சுழற்று. சுவரை ஒட்டியது உடனே இறுகித் தோல் கட்டும். நடுவில் உருகியபடியே இருப்பதைக் கவிழ்த்துத் திரும்பச் சட்டிக்கே கொட்டிவிடுவார்கள். கொஞ்சம் தாமதித்தால் உள்ளே கெட்டியாகிவிடும், முந்திக்கொண்டால் தோல் பொத்துக்கொள்ளும். எல்லாம் வார்ப்பவரின் கைப்பழக்கம். உலோகம் மிச்சம், அனுப்பும் கூலியும் மிச்சம். எட்டுக் காலாட்கள் அல்லது ஐந்து குதிரைவீரர் கொண்ட ஒரு பெட்டியை ஒரு ஷில்லிங்குக்கு விற்க முடிந்தது. கடைக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். கேமேஜஸ் என்ற பெரிய கடை வாங்கி அடுக்கிய பிறகு ஜெர்மன் சரக்குக்கு இறங்குமுகம். ‘பிரிட்டன்ஸ்’ என்ற பெயரில் விற்ற இந்த நிறுவனத்தின் 54 மில்லிமீட்டர் அளவு இன்றைக்கும் சேகரிப்பாளர்களிடம் நடைமுறையில் இருக்கிறது.

அச்சிலிருந்து வந்த உருவத்தில் பிசிறு நீக்கி, வண்ணம் தீட்டியவர்களில் பெண்கள்தான் அதிகம். பலர் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், மீசை ஒரே இழுப்பில் போட்டதாக இருக்கும், கண் ஒரு புள்ளி. அவசரக் கூலிவேலையில் இத்தனை நேர்த்தி எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்தத் தீக்குச்சி விவகாரமும் இந்த வெற்றிடத்தால் வந்ததுதான். கீழே விழுந்தால் இவர்களுக்கு முதலில் போவது தலை. உடலும் கூடு, தலையும் கூடு, நடுவில் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகினால் தலை நின்றுவிடும். இங்கிலாந்தில் பிள்ளைகள் எல்லாரும் செய்த ரிப்பேர் இது. தலை எங்கோ தொலைந்து குச்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிடுங்காதீர்கள். செருகியது துரையின் பிள்ளையா, உங்கள் அப்பாவா என்று அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐந்து குதிரைகள், தலைப்பாகை, நீலம் கலந்த சாம்பல். படம் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிரிட்டன்ஸ் பட்டியலில் 45-ஆம் எண் பெட்டியின் பெயர் 3-ஆம் மெட்ராஸ் குதிரைப்படை. மெட்ராஸ் குதிரைப்படைகளின் சீருடை நிறம் அந்தச் சாம்பல்தான். 67-ஆம் எண் மெட்ராஸ் காலாட்படை. வங்காள, பம்பாய்ப் படைகளுக்கும் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. ஆக, நம் ஊர்ப் பெயர் தாங்கிய படை லண்டனில் வார்க்கப்பட்டு, ஒரு துரைப்பிள்ளையின் பெட்டியில் ஏறி நீலகிரிக்கே வந்திருக்கலாம். நிஜமான 3-ஆம் மெட்ராஸ் குதிரைப்படை 1903-இல் 28-ஆம் குதிரைப்படையாகி, பிறகு 7-ஆம் குதிரைப்படையானது. இந்திய ராணுவத்தில் இன்றும் இருக்கிறது, இப்போது டாங்கிகளோடு.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். பொம்மைச் சிப்பாய் வைத்து விளையாடினால் போர்வெறி வருமா? வரலாறு இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது.

ரஷ்யாவின் மூன்றாம் பீட்டரைப் போலப் பொம்மைச் சிப்பாய்ப் பைத்தியம் பிடித்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். கல்யாணமான பிறகும் மரம், காரீயம், மாவு, மெழுகு என்று படை படையாக வைத்திருந்தார். அட்டைக் கோட்டையில் ஏறி இரண்டு மாவுக் காவலர்களைத் தின்றுவிட்ட எலியை ராணுவச் சட்டப்படி விசாரித்துத் தூக்கில் தொங்கவிட்டார் என்று அவர் மனைவி கேத்தரின் எழுதியிருக்கிறார். புருஷனைக் கவிழ்த்துவிட்டு அரியணை ஏறிய பெண்மணி, அதனால் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 1762-இல் அதிகாரத்துக்கு வந்ததும் பீட்டர் செய்த பெரிய காரியம் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசோடு நடந்துகொண்டிருந்த போரை நிறுத்திப் பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிரஷ்ய மன்னர்மேல் அவருக்கு அவ்வளவு பக்தி. எப்படியோ, போர் நின்றது.

மறுபக்கம் சர்ச்சில். சிறுவயதில் கிட்டத்தட்ட 1,500 சிப்பாய்கள் வைத்திருந்தார். மகன் அணிவகுத்து நிறுத்தியதை வந்து பார்வையிட்ட அப்பா, ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டார். பையன் தன்னிடம் ஏதோ படைத்தலைவன் களையைக் கண்டுவிட்டார் என்று பூரித்துப்போனான். வக்கீல் தொழிலுக்கு இவனுக்கு மூளை போதாது என்று அப்பா முடிவு கட்டியிருந்தது பின்னால்தான் தெரிந்ததாம்.

இந்தக் கதையை எல்லாரும் சிரிப்புக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் மனதில் நிற்பது வேறு பகுதி. சர்ச்சிலின் சிப்பாய்கள் அத்தனை பேரும் பிரிட்டிஷார். எதிரிப் படைக்குத் தலைவன் தம்பி ஜாக். அண்ணன் தம்பிக்குள் ஓர் ஒப்பந்தம்: தம்பி வெள்ளையர் அல்லாத வீரர்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்குப் பீரங்கி கிடையாது. விளையாட்டு தொடங்கும் முன்பே யார் தோற்க வேண்டும் என்பது தீர்மானமாகிவிட்டது. கருத்த முகம் தம்பியின் பக்கம்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து வந்த பிரிட்டன்ஸ் பெட்டிகளில் அதே கருத்த முகம் அழகான சீருடையில், நேராக நிமிர்ந்து, விசுவாசமான படையாக வருகிறது. ஆரம்பகாலப் பெட்டிகளில் சண்டை போடும் உருவங்களைவிட அணிவகுத்துப் போகும் உருவங்களே அதிகம். ரத்தம் கிடையாது, காயம் கிடையாது. லண்டன் குழந்தைக்கு அது கற்றுக்கொடுத்தது கொலை என்று நான் நினைக்கவில்லை. மெட்ராஸ், வங்காளம், பம்பாய் எல்லாம் நம் வீட்டுப் பெட்டிக்குள் அடுக்கி வைக்கத்தக்கவை என்பதை அது சொல்லாமல் சொன்னது. உங்கள் மனைவி பயப்படும் வெறியைவிட இந்தப் பழக்கம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. வெறி பிள்ளைக்கு வளர்ந்ததும் தணியலாம். யார் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு லேசில் போவதில்லை.

பொம்மைக்காரர்கள் காற்று வீசும் பக்கம் சாய்கிறவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப்போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாட்டில் சிப்பாய் பொம்மைக்கு மவுசு குறைந்தது. 1920-களின் தொடக்கத்தில் அதே பிரிட்டன்ஸ் பண்ணைப் பெட்டிகளை இறக்கியது, பசு, பன்றி, கோழி, பால்காரப் பெண் என்று. நன்றாகவே விற்றது. அப்புறம் 2019-இல் அமெரிக்காவில் ஓர் ஆறு வயதுச் சிறுமி, பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்களில் பெண்களே இல்லையே, ஏன் செய்வதில்லை என்று கடிதம் எழுதிக் கேட்டாள். பென்சில்வேனியாவில் இருக்கும் பி.எம்.சி டாய்ஸ் அடுத்த வருடமே பெண் சிப்பாய்களை வார்த்துவிட்டது. வரிசையில் யார் இல்லை என்று பார்க்க அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால்தான் புது வண்ணம் வேண்டாம் என்கிறேன். சேகரிப்பாளர்களிடம் கேட்டால் மேலே பூசினால் மதிப்புப் போய்விடும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் தலை போன, கால் போன ஐந்து குதிரைகளுக்குப் பெரிய விலை எப்படியும் கிடைக்காது. நான் சொல்வது விலைக்காக இல்லை. அந்தக் கருத்த முகத்தை, அந்த ஒரு புள்ளிக் கண்ணை, லண்டனில் யாரோ ஒரு கூலிப்பெண் போட்டிருக்கிறார். மெட்ராஸ்காரனை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி. உங்கள் மைத்துனரின் பளபளப்பு நிச்சயம் இதைவிட நன்றாக இருக்கும், ஆனால் அத்தாட்சி அழிந்துவிடும்.

சரி, பையனுக்கு என்ன வழி? அவனோடு சேர்ந்து நீங்களே வார்க்கலாம். ஐர்லாந்தின் மக்ரூமில் இருக்கும் பிரின்ஸ் ஆகஸ்ட் போன்றவர்கள் வீட்டில் வார்ப்பதற்கென்றே ரப்பர் அச்சு விற்கிறார்கள். காரீயம் கலக்காத வெள்ளீயக் கலவையாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயத்துக்கு 327 வேண்டும். சமையலறைப் பாத்திரத்தைத் தொடாதீர்கள், இதற்கென்று தனிக் கரண்டி, தனி அடுப்பு, திறந்த மாடி.

அச்சின் உட்புறம் டால்கம் பவுடரைத் தூவி ஊதிவிடுங்கள். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து இறுக்குங்கள். ரொம்பவும் இறுக்கினால் காற்று வெளியேற வழியில்லாமல் வாளின் நுனி, குதிரையின் காது எல்லாம் பாதியில் நின்றுவிடும். முதல் சில வார்ப்பு எப்படியும் ஊனமாகத்தான் வரும், அச்சு சூடேறவில்லை என்று அர்த்தம். திரும்ப உருக்கி ஊற்ற வேண்டியதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: உருகிய உலோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஆவி வெடித்து முகத்தில் தெறிக்கும். கரண்டி, அச்சு, கை எதுவும் ஈரமாக இருக்கக் கூடாது. மழைத் தூறலில் மாடியில் செய்யாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கனத்த கையுறை, மூடிய செருப்பு வேண்டும். ஊற்றுவது நீங்கள், பையன் தள்ளி நின்று பார்க்கட்டும். பிசிறு நீக்குவதும் வண்ணமும் அவன் வேலை. என்ன நிறம், யார் எந்தப் பக்கம் என்பதையும் அவனே முடிவு செய்யட்டும். மைத்துனரின் பெயின்ட் கைக்கும் இங்கே வேலை உண்டு.

படம் அனுப்பும்போது குதிரையின் வயிற்றுப் பக்கத்தையும் எடுங்கள். தயாரிப்பாளர் பெயர் காகிதச் சீட்டாகவோ பொறித்த எழுத்தாகவோ அங்கே இருக்கலாம். 1901 என்று இருந்தால் அந்த வருடம் செய்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது உருவத்துக்கு உரிமை பதிந்த தேதி. அதே அச்சில் பல வருடம் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். நிறுவனம் காரீயத்தைக் கைவிட்டது 1966-இல்தான். அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாமல் தனியாக எடுத்து வையுங்கள். மூடியில் சிவப்புக் காகிதமோ அச்சடித்த லேபிளோ மிச்சமிருந்தால், எண் 45-தானா என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.