முழங்கால் ஆபரேஷனுக்கு முன் சுகரைக் குறைக்க என்ன உடற்பயிற்சி செய்யலாம்?

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். சுகரின் மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 9.2 இருக்கிறது. 8-க்குக் கீழே வந்தால்தான் தேதி என்று சொல்லி ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கிறார் டாக்டர். வலியில் நடக்கவும் முடியவில்லை.

என் அம்மாவுக்கும் இதே சிக்கல்தான். "நடக்க முடியலைன்னுதானே ஆபரேஷனே, என்னைப் போய் நடக்கச் சொல்றாரே" என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் புலம்பினார். நியாயமான புலம்பல். ஆனால் சுகர் குறைய நடந்தே ஆகவேண்டும் என்றில்லை, தசை வேலை செய்தால் போதும். வேலை செய்கிற தசை, இன்சுலின் தயவு இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். செய்து முடித்த பிறகும் ஒரு நாள் வரைக்கும் இன்சுலின் அங்கே நன்றாக வேலை செய்யும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டு வாட்டுவதில் பயனில்லை, தினமும் கொஞ்சம் செய்ய வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தவை எல்லாமே உட்கார்ந்தும் படுத்தும் செய்பவை. நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து விநாடி அழுத்திப் பிடிப்பது. படுத்தபடி காலை மடக்காமல் தூக்குவது. கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. துண்டை அழுத்தும்போது தொடையின் முன்பக்கம் கல் மாதிரி இறுக வேண்டும், இறுகாவிட்டால் சும்மா காலை நீட்டியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம். ஆபரேஷன் முடிந்து எழுந்து நிற்கவும் அந்தத் தொடைதான் கைகொடுக்கும்.

எப்போது செய்கிறோம் என்பது முக்கியம். சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் சுகர் உச்சிக்குப் போகும். அதனால் சாப்பிட்டு அரை மணிக்குள் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் செய்யலாம். ராத்திரி சீரியல் நேரம் அம்மாவுக்குச் சரியாக அமைந்தது. கதை ஓடும்போது குதிகால், விளம்பரம் வந்தால் பாட்டில்!

சரி, இதனால் மட்டும் ஒரு மாதத்தில் 9.2 எட்டுக்கு வருமா? வராது. உடற்பயிற்சி மாதக்கணக்கில் செய்தாலே ஹெச்பிஏ1சி பொதுவாக அரைப் புள்ளிக்குக் கொஞ்சம் மேலேதான் இறங்கும். மாத்திரையையோ இன்சுலினையோ டாக்டர் மாற்றித்தான் ஆகவேண்டும். தவிர, ஹெச்பிஏ1சி அளப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் பழைய சுகரும் அந்த எண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்ததை நோட்டில் எழுதிக் காட்டுங்கள். ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனை கடைசி இரண்டு மூன்று வார நிலவரத்தைச் சொல்லும், அதைப் பார்த்து முடிவெடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தாழ்சர்க்கரைதான். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் ஆரம்பிக்கும் முன் சுகர் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். 250-க்கு மேலே ஏறி உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், டாக்டருக்கு போன் போடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலும், கண்ணில் ரத்தக்கசிவு இருந்தாலும் கேட்காமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம், அவர் மாத்திரைப் பட்டியலில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள் இருக்கிறதா பாருங்கள். அவற்றை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.